சாரலைப் படம் பிடிக்க ஒரு காமிரா: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காலை ஆறு மணிக்குக் கடைக் கதவைத் தூக்கினால், இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணிப் பூட்டும் வரை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத தொழில் நம்முடையது. ஆனாலும் வானத்தைப் பற்றி நம்மைப் போல் கவலைப்படுகிறவர்கள் விவசாயிகளை விட்டால் வேறு யார்? மேகம் மூடினால் வற்றல் காயாது. ஈரக்காற்று வீசினால் வெல்லம் கசியும், உப்பு நீர் விடும், புளி பிசுபிசுக்கும். மழை வலுத்தால் லோடு வந்து சேராது. வானத்தின் முகம் பார்த்தே சரக்கு வாங்கும் நாம், அந்த வானத்தின் அழகை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறோமா என்று கேட்டால் பதில் இல்லை.

நமது கடை தென்காசியில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து ஊரெங்கும் சாரல் தூவும். குற்றாலம் மலைமேல் மேகம் இறங்கும், ஏறும், கிழியும், மறுபடி மூடும். கிழக்கே வெயில் அடித்து மேற்கே மலையில் தூறல் விழுந்தால், காலை ஏழு மணிக்கே மலைக்கு முன்னால் வானவில் நிற்கும். இதையெல்லாம் படமெடுக்க நல்ல காமிரா ஒன்று வாங்கினோம். முதல் முறை தவறாக வாங்கினோம். இரண்டாம் முறை சரியாக வாங்கினோம். அந்த அனுபவம் உறுப்பினர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறோம். எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்வது நமது நோக்கமன்று.

நாம் செய்த தவறு

எல்லாக் கடைகளையும் போல நாமும் ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுக்கிறோம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அவற்றில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே கடைப் பெயரை அச்சிட்டு வாங்கி வருவது வழக்கம். பனிமலையும் பைன் மரமும் போட்ட படத்தையே எத்தனை ஆண்டு கொடுப்பது, நம் ஊர் மலை இதைவிடக் குறைந்ததா என்ற எண்ணம் 2022இல் வந்தது. படத்தை நாமே எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

வெளியூர்க் கடை ஒன்றில் விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு, தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் பழைய எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றையும் பெரிய லென்ஸ் ஒன்றையும் வாங்கினோம். இரண்டும் சேர்ந்து ஒரு படி அரிசியை விடக் கனம். "பெரிய காமிராவில் எடுத்தால் படம் பெரிதாக வரும்" என்றார் அவர். சரக்கை முகர்ந்து பார்த்து, கடித்துப் பார்த்து வாங்கும் நாம், இந்தச் சரக்கை வாய்ச்சொல்லை நம்பி வாங்கிவிட்டோம்.

ஆனி மாதக் காலை ஒன்றில், நாம் காத்திருந்த வானவில் குற்றாலம் மலைக்கு முன்னால் முழு வளைவாய் நின்றது. காமிராவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது காட்சி அற்புதமாகத் தெரிந்தது. பத்துப் படங்கள் எடுத்தோம். பின்பக்கத் திரையில் பார்த்தால் பத்தும் வெள்ளைத்தாள் போல் வெளுத்திருந்தன. முதல் நாள் இரவு நிலாவைப் படமெடுத்த நமது மகன், இரவுக்கு வைத்த அளவுகளை மாற்றாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எந்தச் சக்கரத்தைத் திருப்புவது, எந்த மெனுவுக்குள் போவது என்று தேடி முடிப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

காலண்டருக்கு நாள் நெருங்கியதால், கைபேசியில் தூரத்தை இழுத்து எடுத்த படம் ஒன்றை அனுப்பினோம். "இந்தப் படம் பெரிதாக்கினால் தாங்காது" என்று அச்சகத்தார் சொல்லத்தான் செய்தார்கள். பிடிவாதமாக 500 பிரதிகள் அடித்தோம். வாடிக்கையாக வரும் ஆச்சி ஒருவர் காலண்டரை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இது செங்கல் சூளைப் புகையா?" என்று கேட்டார். ஓராண்டு முழுவதும் 500 வீடுகளில் அந்தச் சூளைப் புகை நமது கடைப் பெயரோடு தொங்கியது.

மறு ஆண்டு சாரலுக்குக் காமிராவை எடுத்தபோது, லென்ஸுக்கு உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சாளம் பிடித்திருந்தது. நட்டத்துக்குத் தள்ளிவிட்டோம். பணம் போனதை விட, அந்த வானவில் போனதுதான் மனதில் நின்றது.

மிரர்லெஸ் என்றால் என்ன?

எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அது காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி, ஒளி பின்னால் உள்ள சென்சாரில் விழும். அதாவது நாம் கண்ணால் பார்ப்பது வேறு, காமிரா பதிவு செய்வது வேறு. நமது வானவில் வெளுத்துப் போனதற்குக் காரணமும் இதுதான்.

மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சாரில் விழும் காட்சியே திரையிலும், கண் வைத்துப் பார்க்கும் சிறு திரையிலும் தெரியும். அளவு தவறாக இருந்தால் அழுத்துவதற்கு முன்பே திரை வெளுத்தோ இருண்டோ காட்டிவிடும். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே சரக்கைக் கொட்டுவதற்கும், கட்டி முடித்த பிறகு எடை போட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக் கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் காமிராக்கள் 2008இல் பானசோனிக் ஜி1 வாயிலாகப் பரவலான சந்தைக்கு வந்தன. 2018இல் கேனன், நிகான் நிறுவனங்கள் பெரிய சென்சார் வகையிலும் இறங்கிய பின் எஸ்.எல்.ஆர். காலம் சுருங்கத் தொடங்கியது. 2020க்குப் பின் இவ்விரு நிறுவனங்களின் புதிய முயற்சிகள் எல்லாம் மிரர்லெஸ் பக்கமே. புதிய லென்ஸ்களும் அந்தப் பக்கமே வருகின்றன என்பதால், புதிதாக வாங்குபவர் பழைய வகையில் முதல் போடத் தேவையில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. திரை எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி விரைவில் தீரும். சிறிய காமிராக்களில் ஒரு சார்ஜுக்கு 300 முதல் 400 படங்கள் வரையே எதிர்பார்க்கலாம். ஆகவே மாற்றுப் பேட்டரி ஒன்று அவசியம்.

எளிது என்பதை எப்படி அறிவது?

மெனு குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு காமிரா எளிதாகிவிடாது. மேகம் நமக்காக நிற்பதில்லை. வானவில் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கை தடுமாறாமல் இயங்க வேண்டும். ஆகவே கடையில் காமிராவைக் கையில் வாங்கி, கீழ்க்கண்ட ஐந்தையும் நீங்களே செய்து பாருங்கள்.

முதலாவது, ஒரு கையால் பிடித்துப் பாருங்கள். சுண்டு விரலுக்கு இடமிருக்கிறதா? மூட்டை தூக்கிக் காய்த்த கைக்கு மிகச் சிறிய காமிராவும் தொல்லைதான்.

இரண்டாவது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். வானத்தைப் படமெடுப்பவருக்கு மிகவும் தேவைப்படும் சக்கரம் இதுவே. மெனுவுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டுமென்றால் வேறு மாடல் கேளுங்கள்.

மூன்றாவது, கண் வைத்துப் பார்க்கும் சிறு திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இது இருக்காது. வெயிலில் பின்பக்கத் திரை தெரியாது. வெளியில் எடுக்கும் படத்துக்கு இது கட்டாயம் வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு பார்த்துச் சோதிக்க வேண்டும்.

நான்காவது, பின்பக்கத் திரை மடங்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். வரப்பில் தாழ்வாக வைத்து எடுக்கும்போது சேற்றில் படுக்காமல் தப்பிக்கலாம்.

ஐந்தாவது, விற்பனையாளரை எல்லா அளவுகளையும் தாறுமாறாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு நீங்களே பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் அது உங்களுக்கு எளிய காமிரா. முடியாவிட்டால் எத்தனை புகழ் பெற்றதானாலும் உங்களுக்கு அது ஆகாது. 2022இல் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் நமது பணம் தப்பியிருக்கும்.

சென்சார் அளவு

காமிராக்களில் மூன்று அளவு சென்சார்கள் பரவலாக உள்ளன. முழுச் சட்டகம் எனப்படுவது 36க்கு 24 மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தரம் சுமார் 23.5க்கு 15.6. கேனனில் இது சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. சென்சார் பெரிதானால் மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாக வரும். ஆனால் லென்ஸும் பெரிதாகும், கனம் கூடும், விலை ஏறும்.

நமக்கு எவ்வளவு போதும்? 24 மெகாபிக்சல் படம் என்பது 6000க்கு 4000 புள்ளிகள். அச்சகத்தார் கேட்கும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் இதை 20க்கு 13 அங்குலம் அச்சிடலாம். காலண்டருக்கும், கடைச் சுவரில் மாட்டும் படத்துக்கும் இது தாராளம். நடுத்தர சென்சாரே இதைக் கொடுத்துவிடும். வீட்டு அலமாரியில் தூங்கும் பெரிய காமிராவை விட, சைக்கிள் கூடையில் தினமும் வரும் சிறிய காமிரா அதிகம் சம்பாதித்துத் தரும்.

லென்ஸில் முதல் எண்ணைப் பாருங்கள்

காமிராவோடு கூடவே ஒரு லென்ஸ் வரும். அதன்மேல் 16-50, 18-45 என்று எழுதியிருக்கும். முதல் எண் சிறிதாக இருந்தால் அகலமான காட்சி அடங்கும். வெவ்வேறு சென்சார்களை ஒப்பிட, நிகான், சோனி, ஃபூஜி நடுத்தரக் காமிராக்களில் 1.5ஆலும், கேனனில் 1.6ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2ஆலும் பெருக்க வேண்டும். 16 என்பது 24க்குச் சமம். கேனனில் 18 என்பது ஏறத்தாழ 29. இரண்டு எண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ண வேண்டாம். மலையும் வயலும் வானமும் ஒன்றாக அடங்குவதும் அடங்காததும் இதில்தான் இருக்கிறது.

வானவில்லோ இன்னும் அகலம். சூரியனுக்கு நேர் எதிரான புள்ளியிலிருந்து 42 பாகையில் அது வளைவதால், முழு வளைவும் ஒரே படத்தில் அடங்க 18க்குச் சமமான லென்ஸ் வேண்டும். அதற்காகத் தனி லென்ஸ் வாங்கத் தேவையில்லை. காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியுமாறு வரிசையாகப் படங்கள் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொள்ளலாம்.

அடுத்ததாக, 50 அல்லது 55இல் தொடங்கி 200க்கு மேல் போகும் தூர லென்ஸ் ஒன்று பயனுள்ளது. தூரத்து ஊரில் திரை போல் மழை இறங்குவதையும், மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி நிற்பதையும் இதுதான் அள்ளி வரும். இரண்டு லென்ஸும் சேர்ந்த பெட்டியாக வாங்கினால் தனித்தனியே வாங்குவதை விடச் சிக்கனம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மழைக்குத் தாங்குமா?

மழையைப் படமெடுக்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இது. தூசி, ஈரம் புகாதபடி ரப்பர் பட்டை வைத்து அடைத்த காமிராக்கள் உண்டு. காமிரா அடைப்பு உள்ளதாக இருந்தும் லென்ஸ் அப்படி இல்லையென்றால் பயனில்லை. கூரை வேய்ந்து கதவைத் திறந்து வைத்த கதைதான். ஐ.பி.53 என்று தரச் சான்று இருந்தால், தூசியையும் சாய்வாக விழும் தூறலையும் தாங்கும் என்று பொருள். தண்ணீரில் மூழ்கினால் தாங்கும் என்று பொருளல்ல.

அடைப்பு இல்லாத காமிரா வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். கனமான பாலிதீன் உறை ஒன்றும் இரண்டு ரப்பர் பேண்டும் நம் கடையிலேயே உண்டு. லென்ஸ் முகத்துக்குத் துளை வெட்டி மாட்டிவிட்டால் சாரலுக்குப் போதும். லென்ஸின் முன்வளையத்தை மாட்டி வைத்தால் துளிகள் கண்ணாடியில் விழுவது குறையும். துடைக்க மெல்லிய துணி இரண்டு பையில் இருக்கட்டும். வேட்டி முனையால் துடைக்காதீர்கள்.

நான்கு எடுத்துக்காட்டுகள்

மேலே சொன்னவற்றை வைத்து ஒப்பிட, நான்கு மாடல்களைக் குறிப்பிடுகிறோம். இவைதான் சிறந்தவை என்பதில்லை. எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

2023இல் வந்த கேனன் ஆர்50, பேட்டரியோடு 375 கிராம்தான். 24 மெகாபிக்சல். படிப்படியாகச் சொல்லித் தரும் திரை உண்டு. முதன்முதலாகப் பழகுகிறவருக்கு ஏற்றது. மழை அடைப்பு கிடையாது.

2024 இறுதியில் வந்த நிகான் இசட்50 இரண்டாம் மாடல், ஏறத்தாழ 550 கிராம். கைக்கு நல்ல பிடி. கூட வரும் லென்ஸ் 16இல் தொடங்குகிறது. பெரிய கைக்காரர்களுக்கு வசதி.

அதே 2024இல் வந்த ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-டி50இல் முக்கியமான சக்கரங்கள் வெளியிலேயே எண் பொறித்து இருக்கின்றன. காமிராவை இயக்காமலே அளவு என்னவென்று தெரியும். 40 மெகாபிக்சல். கை நடுக்கத்தைக் காமிராவே சமாளிக்கும் வசதியும் உண்டு. விலை கூடுதல்.

2022இல் வந்த ஓ.எம். சிஸ்டம் ஓ.எம்.-5, ஐ.பி.53 சான்று பெற்றது. அடைப்புள்ள லென்ஸோடு சாரலில் தைரியமாக எடுத்துச் செல்லலாம். கை நடுக்கம் தாங்கும் வசதி சிறப்பானது. சென்சார் சிறியது என்பதால் இருட்டில் சற்று விட்டுக் கொடுக்க வேண்டும்.

இவற்றின் அடுத்தடுத்த மாடல்கள் வரும்போது பழையவற்றின் விலை இறங்கும். மலைக்கு மாடல் தெரியாது. ஓராண்டு பழைய மாடல் வாங்குவதில் குறைவொன்றுமில்லை.

கொள்முதலில் கவனம்

கையில் உள்ள தொகையைப் பத்துப் பங்காக்கிக் கொள்ளுங்கள். ஏழு பங்கு காமிராவுக்கும் லென்ஸுக்கும் போகட்டும். மூன்று பங்கில் முக்காலி, மாற்றுப் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, பை, ஈரம் புகாத பெட்டி வாங்க வேண்டும். பத்துப் பங்கையும் காமிராவில் போட்டு, முக்காலி வாங்கப் பணமில்லாமல் நிற்பவர் பலர்.

முறையான பில்லும், இந்தியாவில் செல்லும் கியாரண்டிச் சீட்டும் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தரும் சரக்கு, பழுதாகும் நாளில் நம் தலையில்தான் விடியும். கடை உபயோகத்துக்காக வாங்கினால், பில்லில் நமது ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லி, வரி வரவு எடுக்கலாமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் எழுத வேண்டாம்.

பழைய காமிரா வாங்குகிறவர்கள், லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். நூல் போல் தெரிந்தால் பூஞ்சாளம். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசியோ கறையோ இருக்கிறது.

படமெடுக்கும் முறை

சக்கரத்தை 'ஏ' என்ற எழுத்தில் வையுங்கள். கேனனில் அது 'ஏ.வி.'. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்று அமைத்து முக்காலியில் நிறுத்துங்கள். மற்றதைக் காமிரா பார்த்துக் கொள்ளும். அழுத்தும்போது ஆடாமல் இருக்க இரண்டு விநாடித் தாமதம் வையுங்கள். காற்று பலமாக இருந்தால் முக்காலியின் நடுவில் பையைத் தொங்க விடுங்கள்.

நிற அமைப்பைத் தானியங்கியில் விடாமல் 'வெயில்' என்பதில் வைத்தால், மாலைச் சிவப்பும் மழைக் கருநீலமும் கண்ணில் கண்டபடியே வரும். மேகத்தின் வெள்ளைப் பகுதி வெளுத்துப் போகாதபடி, வெளிச்சச் சக்கரத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். இருண்ட இடத்தைப் பின்னால் சற்றுத் தூக்கிவிடலாம். வெளுத்துப் போனதை மீட்க முடியாது. கடனில் போன சரக்கு மாதிரிதான்.

ஏசி அறையிலிருந்து காமிராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்த பிறகு திறங்கள்.

படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பேரேடு ஒன்று, நகல் ஒன்று என்ற பழக்கம் நமக்குப் புதிதல்லவே.

இடி மின்னல்: எச்சரிக்கை

மின்னலைப் படமெடுக்க ஆசை வருவது இயல்பு. ஐப்பசி மாத இரவு ஒன்றில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிய மகனை, கையைப் பிடித்து இறக்கிக் கொண்டு வந்தோம். இரண்டு நாள் பேசவில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மின்னல் தெரிந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடி, தகரக் கொட்டகை, மொட்டை மாடி எதுவும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்பே வெளியே வர வேண்டும்.

வீட்டுக்குள் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி முக்காலியை வைத்து, தூரத்து விளக்கு ஒன்றுக்குக் குவியத்தைக் கையால் சரிசெய்து, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, பத்து முதல் இருபது விநாடி என்று வைத்துத் தொடர்ந்து எடுத்தால் ஏதாவது ஒன்றில் மின்னல் விழும். புதிதாக விழும் வெளிச்சத்தை மட்டும் சேர்த்துக் கொண்டே போகும் வசதி ஓ.எம்.-5 போன்ற சில காமிராக்களில் உண்டு. எந்தப் படமும் உயிருக்கு ஈடாகாது.

காப்பாற்றும் முறை

காமிராவைக் காப்பது மளிகைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாத பாடம் என்று நினைத்திருந்தோம். பெருங்காயத்தையும் கற்கண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கத் தெரிந்த நாம், லென்ஸைத் தோல் பையில் போட்டு, குடோனை ஒட்டிய அலமாரியில் ஓராண்டு வைத்தோம். தோல் ஈரத்தை இழுக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சாளம் வராமல் என்ன செய்யும்?

இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறோம். ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டிருக்கிறோம். 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். சிலர் அரிசிக்குள் புதைத்து வைக்கிறார்கள். அரிசி ஈரத்தை இழுப்பதைவிடத் தவிட்டுத் தூசியை லென்ஸ் இடுக்கில் ஏற்றிவிடும். அரிசி அரிசியாகவே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து வெளிச்சத்தில் பயன்படுத்துங்கள். ஓடுகிற சரக்கில் வண்டு விழாது.

இரண்டாவது காலண்டர்

கைபேசியில் நல்ல படம் எடுத்துத் திருப்தியாக இருப்பவர்கள் காமிரா வாங்கியே ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தூரக் காட்சி, மின்னல், பெரிய அச்சு ஆகியவற்றில் ஆசை வந்தவர்களுக்கே இக்கட்டுரை. 2024இல் மேற்கண்ட ஐந்து சோதனைகளையும் செய்து, நடுத்தர சென்சார் கொண்ட சிறிய மிரர்லெஸ் காமிரா ஒன்று வாங்கினோம். பில் போட்டு முடிக்கும் வரை கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அந்த ஆடி மாதம், கடை திறக்குமுன் விடியற்காலையில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்குப் போனோம். முற்றிய சூரியகாந்திப் பூக்கள் கிழக்கு நோக்கியே நிற்கும். ஆகவே வயலுக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்தால், பூக்கள் எல்லாம் நம் முகம் பார்க்கும். அவற்றுக்குப் பின்னால் மலை. மலைமேல் மேகம். நமது முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்த வெயில் மூன்றின் மேலும் ஒன்றாக விழுந்தது. திரை சற்று வெளுத்துக் காட்டியது. கட்டைவிரலால் சக்கரத்தை இரண்டு சொடுக்குக் குறைத்தோம். மேகத்தின் விளிம்பு தெளிந்தது. அழுத்தினோம். ஆறரை மணிக்குக் கடைக்கு வந்து கதவைத் தூக்கினோம். தாமதம் அரை மணி நேரம்தான்.

2025ஆம் ஆண்டுக் காலண்டரை வாங்கிய அதே ஆச்சி, இம்முறையும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நம்ம மலைதானே அண்ணாச்சி" என்றார். "அக்கா வீட்டுக்கு ஒண்ணு, மகள் வீட்டுக்கு ஒண்ணு" என்று மேலும் இரண்டு கேட்டு வாங்கிப் போனார்.

அந்த வானவில் மட்டும் இன்னும் பாக்கி. டப்பாவில் காமிரா தயாராக இருக்கிறது. அடுத்த சாரலுக்குக் காத்திருக்கிறோம்.